அடுத்த கூட்டத்தில் கணக்குப் பாடத்தைப் பற்றியும் பேசுங்கள்: பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி மாவட்டத்தின் அரசு தொடக்கப் பள்ளிகளிலும் நடுநிலைப் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு உறுப்பினர்களாக இருக்கும் பெற்றோருக்கு,

வணக்கம். நான் பாலக்கோடு வட்டத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதும் கூப்பிடுகிற பள்ளிகளுக்குப் போய்க் கணக்கு வகுப்புகளில் உட்காருகிறேன். உங்கள் கூட்டங்கள் சிலவற்றிலும் பின்வரிசையில் இருந்திருக்கிறேன். குடிநீர், கழிப்பறை, சுற்றுச்சுவர், காலை உணவு என்று நீங்கள் அங்கே பேசும் எதுவும் சின்ன விஷயம் இல்லை. ஆனால் கணக்கு என்று வந்தால் பேச்சு இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. "நோட்டுல ஒண்ணுமே எழுதிக் குடுக்கறதில்லீங்க, புள்ளைங்க குச்சியும் கொட்டையும் வெச்சு வெளையாடிட்டே இருக்குதுங்க" என்பார் ஒருவர். "பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் ஒப்பிக்க வையுங்க சார்" என்பார் இன்னொருவர். ஆசிரியர் தலையாட்டுவார். அடுத்த வாரம் குச்சியும் கொட்டையும் பீரோவுக்குள் போய்விடும். கரும்பலகையில் இருப்பதைப் பிள்ளைகள் நோட்டில் பார்த்து எழுதத் தொடங்குவார்கள்.

உங்கள் சொல்லுக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. அதனால்தான் அதிகாரிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆவது பிரிவில், மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பதும், பள்ளியின் வளர்ச்சிக்குத் திட்டம் போடுவதும் உங்கள் வேலை என்றும் சொல்கிறது. கணக்கு எப்படிச் சொல்லித் தரப்படுகிறது என்று கேட்பதும் அதில் அடங்கும். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். நிரம்பிய நோட்டை வைத்துக் கணக்கு வகுப்பை எடைபோடாதீர்கள். உங்கள் பிள்ளை கணக்கில் எந்த இடத்தில் நிற்கிறது, ஒரு விடைக்கு எந்த வழியில் வந்தது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஏன் என்று ஒரு கணக்கை வைத்தே சொல்கிறேன். 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று 35 என்று எழுதியிருக்கிறது. சிவப்பு மையில் ஒரு தப்புக் குறி, பக்கத்தில் 25 என்ற சரியான விடை. கவனக்குறைவு என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். சரி, அதே பிள்ளையிடம் 61இல் 38 கழிக்கச் சொல்லுங்கள். 37 என்று எழுதும். 40இல் 16? 36. மூன்று விடைகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், மூன்றுக்கும் பின்னால் ஒரே முறை இருக்கிறது. ஒன்றின் இடத்தில் மேலே இருக்கும் எண் சின்னதாக இருந்தால், அந்தப் பிள்ளை கீழே இருக்கும் பெரிய எண்ணிலிருந்து அதைக் கழித்துவிடுகிறது. "பெரியதிலிருந்து சிறியதைக் கழி" என்று முதல் வகுப்பில் கேட்டதை அது விசுவாசமாகப் பின்பற்றுகிறது. கவனமெல்லாம் நிறையவே இருக்கிறது.

ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978இல் இதைத்தான் விரிவாக எழுதினார்கள். பிள்ளைகளின் தவறுகளில் பல குருட்டாம்போக்கில் வருவதில்லை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் பிள்ளை நம்பிக்கையோடு கையாளும் ஒரு முறை இருக்கிறது, அந்த முறையைக் கண்டுபிடித்தால் அடுத்த கணக்கில் என்ன தவறு வரும் என்றுகூட முன்கூட்டியே சொல்லலாம் என்று காட்டினார்கள். அந்த 35 என்ற விடைக்குள் ஆசிரியருக்கு வேண்டிய தகவல் முழுவதும் இருக்கிறது. தப்புக் குறி போட்டு 25 என்று எழுதிக் கொடுத்ததும் அந்தத் தகவல் போய்விடுகிறது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு வீட்டுப்பாடமாக ஐம்பது கழித்தல் கணக்கு கொடுத்தால், அது தவறான முறையை ஐம்பது தடவை பழகி உறுதியாக்கிக்கொள்ளும். நோட்டு மட்டும் அழகாக நிரம்பியிருக்கும்.

இந்தத் தவறைச் சரிசெய்ய என்ன வேண்டும்? நம் மாவட்டத்தில் காசில்லாமல் கிடைக்கும் பொருளே போதும். புளி தட்டும் காலத்தில் எத்தனை வீட்டு வாசலில் கொட்டை குவிந்து கிடக்கிறது! அதைக் கழுவிக் காயவைத்துப் பத்துப் பத்தாகத் துணியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். 52 என்றால் ஐந்து முடிச்சு, இரண்டு உதிரிக் கொட்டை. இதிலிருந்து 27ஐ எடுக்க வேண்டும். இரண்டு முடிச்சை எடுத்துவிடலாம், ஆனால் ஏழு உதிரி இல்லையே. இங்கே ஆசிரியர் வாயைத் திறக்காமல் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் "ஒரு முடிச்சை அவுக்கணும் சார்" என்று ஏதாவது ஒரு பிள்ளை சொல்லிவிடும். அவிழ்த்தால் உதிரி பன்னிரண்டு. ஏழை எடுத்தால் ஐந்து. மிச்சம் இரண்டு முடிச்சு. விடை 25. ஐந்தை அடித்து நாலாக்குவது, பக்கத்தில் ஒரு 1 போடுவது என்று கரும்பலகையில் நாம் செய்வதெல்லாம், இந்த முடிச்சு அவிழ்ப்பதை எழுத்தில் காட்டும் வழிதான். அவிழ்த்துப் பார்க்காத பிள்ளைக்கு அது வெறும் கிறுக்கல்.

கொட்டை மட்டும் இருந்தால் போதும் என்று நான் சொல்லவரவில்லை. கொட்டையை எண்ணி விடை சொல்லத் தெரிந்தும் சிலேட்டில் எழுதினால் பழைய தவறையே செய்யும் பிள்ளைகள் உண்டு. கையில் செய்ததும் சிலேட்டில் எழுதுவதும் தனித்தனியாக நடந்தால் அப்படித்தான் ஆகும். ஜெரோம் புரூனர் என்ற உளவியலாளர் 1960களில் செயல், படம், குறியீடு என்று மூன்று நிலைகளைச் சொன்னார். கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு உதவுவது பற்றி அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு 2021இல் வெளியிட்ட வழிகாட்டியும் பொருட்கள், படங்கள், எண்கோடு ஆகியவற்றை எழுத்துக் கணக்கோடு இணைத்துச் சொல்லித்தரச் சொல்கிறது. ஒரு முடிச்சை அவிழ்க்கும் அதே நொடியில் பிள்ளை சிலேட்டில் ஐந்தை அடித்து நாலு என்று எழுத வேண்டும். அப்புறம் கொட்டைக்குப் பதில் கோடும் புள்ளியும் வரையலாம். அதற்கும் பிறகு எண் மட்டும். ஆகவே "ஏன் விளையாடிக்கொண்டே இருக்கிறார்கள்" என்று கேட்பதற்குப் பதிலாக, "கொட்டையில் செய்ததை எப்போது சிலேட்டுக்குக் கொண்டு வருகிறீர்கள்?" என்று கேளுங்கள். அது ஆசிரியருக்கு நிஜமாகவே உதவும் கேள்வி. பள்ளிக்கு வந்த கணித உபகரணப் பெட்டி பூட்டிக் கிடந்தால் அதையும் திறக்கச் சொல்லுங்கள். பொருள் தொலைந்தால் குழு பொறுப்பேற்றுக்கொள்ளும் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பல பெட்டிகள் திறந்துவிடும்.

இனி நம் சந்தைகளுக்கு வருகிறேன். பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் அப்பாவோடு நிற்கும் பையனைப் பார்த்திருப்பீர்கள். கிலோ 18 ரூபாய்க்கு இரண்டரை கிலோ எடுத்து நூறு ரூபாய்த் தாள் நீட்டினால், 55 ரூபாய் மீதியை யோசிக்காமல் எடுத்துக் கொடுப்பான். அதே பையன் வகுப்பில் 100இல் 45 கழிக்க முடியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். படிப்பில் அக்கறை இல்லை என்று நாம் சொல்லிவிடுகிறோம்.

நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோர் அடங்கிய குழு கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளிடம் இதைச் சோதித்து, 2025இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியிட்டது. கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் வியாபாரத்தில் சிக்கலான கணக்குகளை மனக்கணக்காகவே போட்டார்கள். அதே அளவு கடினமான, ஏன் அதைவிட எளிதான கணக்கைப் பள்ளிப் பாணியில் எழுதிக் கொடுத்தபோது அவர்களால் போட முடியவில்லை. இதன் மறுபாதி நம்மை இன்னும் உலுக்க வேண்டியது. பக்கத்துப் பள்ளிகளில் படிக்கும், சந்தை அனுபவம் இல்லாத 471 பிள்ளைகளையும் சோதித்தார்கள். எளிய எழுத்துக் கணக்குகளை இவர்கள் சந்தைப் பிள்ளைகளைவிடச் சரியாகச் செய்தார்கள். ஆனால் சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் செய்த ஒரு வியாபாரக் கணக்கை, இவர்களில் நூற்றுக்கு ஒருவரால்தான் செய்ய முடிந்தது. சந்தையில் தெரிந்த கணக்கு தானாகப் பள்ளிக்கு வந்து சேரவில்லை, பள்ளியில் படித்த கணக்கு தானாகச் சந்தைக்குப் போகவில்லை. நடுவில் ஒருவர் பாலம் போட வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் மண்டியில் வேலை செய்ய வேண்டும் என்பது இதற்கு அர்த்தம் இல்லை. அவர்கள் இருக்க வேண்டிய இடம் வகுப்பறைதான். பட்டுக்கூடு கிலோ என்ன விலைக்குப் போனது, சாமந்திக்கு என்ன கிடைத்தது, பென்னாகரத்துக்குப் பேருந்துக் கட்டணம் எவ்வளவு என்பதையெல்லாம் வகுப்பில் முதலில் வாயால் போடச் சொல்லி, "நீ மனசுல எப்படிப் போட்டே?" என்று கேட்டு, அந்த வழியையே கரும்பலகையில் எழுத்துக் கணக்காக மாற்றிக் காட்ட வேண்டும். இதைச் செய்யும் ஆசிரியர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் பாடத்தை முடிக்கவில்லை என்று புகார் எழுதிவிடாதீர்கள்.

பாடத்தை முடிப்பது என்ற பேச்சு வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பில் இருபது பிள்ளைகள் இருந்தால் எல்லோரும் ஐந்தாம் வகுப்புக் கணக்கில் நிற்பதில்லை. சிலர் வகுத்தல் போடுவார்கள், சிலருக்கு இரண்டிலக்க எண்ணில் இடமதிப்பே பிடிபட்டிருக்காது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் நம்மிடம் அதிகம், நடுவில் சில மாதங்கள் பள்ளியை விட்டுவிட்டு வரும் பிள்ளைகள் உண்டு. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமங்களின் சிரமம் தனி. இத்தனைக்கும் நடுவில் ஒரே பக்கத்தை எல்லோருக்கும் நடத்தினால், பின்தங்கிய பிள்ளை அன்றைய பாடத்தோடு அடுத்த வருடப் பாடத்தையும் சேர்த்து இழக்கிறது. கணக்கில் ஒன்றின் மேல்தான் இன்னொன்று நிற்கும்.

பிள்ளை இருக்கும் நிலையிலிருந்து தொடங்குவது என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல சான்று இருக்கிறது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிள்ளைகளைக் குழுவாக்கிச் சொல்லித்தருவதைப் பல மாநிலங்களில் செய்து, அது பல தடவை ஆய்வு செய்யப்பட்டிருக்கிறது. நம் மாநிலத்தில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதும் இதே எண்ணத்தில்தான். அதைவிடவும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தொடர்ந்து சோதித்தார்கள். மொழியில் ஏற்பட்ட இழப்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இழப்பு கணக்கில் ஏற்பட்டிருந்தது. பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வி மையங்களால் வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த மையங்களை நடத்தியவர்கள் யார்? உங்கள் தெருவில் இருக்கும் பெண்கள். இந்த மடலைப் படிக்கும் உங்களில் சிலரே அந்தத் தன்னார்வலர்களாக இருந்திருப்பீர்கள். சாயங்காலம் வீட்டு வாசலில் பாய் விரித்து நீங்கள் செய்தது ஆய்வில் அளக்கக்கூடிய அளவுக்குப் பலன் தந்திருக்கிறது. அதைப் பெருமையோடு கூட்டத்தில் சொல்லுங்கள்.

"நாலாவது படிக்கிற புள்ளைய ஏன் சின்னப் புள்ளைங்க கணக்கு போட வெக்கிறீங்க" என்று பெற்றோர் வருத்தப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே உட்கார வைப்பதுதான் அந்தப் பிள்ளையை மேலே கொண்டுவரும் வழி. நீங்கள் கோபப்பட வேண்டியது வேறொன்றுக்கு. ஜூனில் ஒரு நிலையில் உட்கார வைத்த பிள்ளையை யாரும் திரும்பச் சோதிக்காமல் மார்ச் வரை அதே நிலையில் விட்டிருந்தால் கட்டாயம் கேளுங்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை சின்னதாகச் சோதித்து இடம் மாற்றினால்தான் இந்த முறை வேலை செய்யும்.

வாய்ப்பாட்டுக்கு நான் எதிரி இல்லை. 7×8 எவ்வளவு என்று ஒவ்வொரு தடவையும் விரல்விட்டுக் கொண்டிருந்தால் வகுத்தலும் பின்னமும் ஓடாது. அது சட்டென்று நினைவுக்கு வரத்தான் வேண்டும். ஆனால் நாம் பழக்கும் விதம் தவறு. ஒரே நாளில் ஒரு முழு வாய்ப்பாட்டைப் பாட்டாக ஒப்பித்து, அடுத்த வாரம் மறந்துவிடுகிறார்கள். 7×8 கேட்டால் ஏழொன்று ஏழு என்று ஆரம்பத்திலிருந்து ஓட வேண்டியிருக்கிறது. 7×4 தெரிந்தால் அதை இரட்டித்து 7×8 கண்டுபிடிக்கலாம் என்று யாரும் சொல்லித்தருவதில்லை. தினமும் ஐந்து நிமிடம், பழையதும் புதியதும் கலந்து கேட்பது நல்லது. கலந்து பழகுவதற்கான சான்று மிக வலுவானது. டக் ரோரரும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் அமெரிக்காவின் புளோரிடாவில் 54 ஏழாம் வகுப்புகளில் சோதித்தார்கள். பாதி வகுப்புகளுக்கு ஒரே வகைக் கணக்குகளைத் தொகுப்பாகவும், மறுபாதிக்குப் பல வகைக் கணக்குகளைக் கலந்தும் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் வைத்த தேர்வில் தொகுப்பாகப் பழகியவர்கள் 38 சதவீதமும், கலந்து பழகியவர்கள் 61 சதவீதமும் எடுத்தார்கள். கலந்து கொடுத்தால் பிள்ளை முதலில் கொஞ்சம் தடுமாறும், அந்த வாரம் மதிப்பெண் குறைவாகக்கூட இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பாடு வராத பிள்ளையை எழுப்பி நிற்க வைப்பதும் பிரம்பைக் காட்டுவதும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. "அடிச்சாவது சொல்லிக் குடுங்க" என்று பெற்றோரே அனுமதி கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. சட்டம் அதைத் தடுத்திருக்கிறது. பயந்த பிள்ளைக்குத் தெரிந்த கணக்கும் மறந்துபோகும் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மணிச்சட்டத்தை வைத்து மனக்கணக்குப் பழக்கும் அபாகஸ் வகுப்பைப் பற்றி அடிக்கடி கேட்கிறீர்கள். குஜராத்தின் வடோதராவில் சுமார் இருநூறு பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் அதை மூன்று ஆண்டுகள் சோதித்து, முடிவை 2016இல் வெளியிட்டார்கள். கூட்டல் கழித்தல் போன்ற கணக்குகளில் ஓரளவு முன்னேற்றம் இருந்தது. நினைவாற்றல், மூளைத்திறன் கூடும் என்ற விளம்பரத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கடன் வாங்கியாவது சேர்க்க வேண்டிய விஷயம் இல்லை.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டால், பரமபதம் விளையாடுங்கள். இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். எண்கள் வரிசையாக எழுதிய கட்டத்தில் காய் நகர்த்தி விளையாடிய ஏழைக் குடும்பத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு எண்களைப் பற்றிய புரிதல் கூடியதை ராபர்ட் சீக்லர், கீதா ரமணி ஆகியோர் 2008இல் காட்டினார்கள். நூறு கட்டப் பலகையில் செய்த 2014ஆம் ஆண்டு ஆய்வு ஒரு நுணுக்கத்தைச் சேர்த்தது. காய் 24இல் நிற்கிறது, தாயத்தில் மூன்று விழுகிறது என்றால், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லி நகர்த்தினால் பலன் குறைவு. "இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தேழு" என்று கட்டத்தில் இருக்கும் எண்ணைச் சொல்லியே நகர்த்த வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பேத்தியோடு விளையாடலாம், எண்ணை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் போதும்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று. "எனக்கும் கணக்கு வராது, இவளுக்கும் வராது" என்று பிள்ளை காதுபடச் சொல்லாதீர்கள். கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவினால், அந்த வருடம் பிள்ளைகள் கணக்கைக் குறைவாகக் கற்றதோடு, பயமும் கூடியதாக 2015இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. உதவ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடையைச் சொல்லித்தர நீங்கள் கஷ்டப்பட வேண்டாம். "இது எப்படி வந்துச்சு, எனக்குச் சொல்லு" என்று கேட்டுவிட்டுக் கடைசி வரை காது கொடுங்கள். அந்தக் கேள்விக்குப் படிப்புத் தேவையில்லை. விடை சரியாக இருக்கும்போதும் கேளுங்கள், இல்லாவிட்டால் கேள்வி வந்தாலே தப்பு என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

அடுத்த கூட்டத்தில் கணக்குக்கென்று அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். பெயரை மறைத்த நாலைந்து கழித்தல் தாள்களை ஆசிரியர் மேசைமேல் வைக்கட்டும். தவறான விடைகளை எடுத்து, அந்தப் பிள்ளை எப்படி யோசித்திருக்கும் என்று எல்லோரும் சேர்ந்து பாருங்கள். அதைச் சரிசெய்ய அவர் என்ன செய்யப்போகிறார், அதற்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். முடிச்சுக்குத் துணி, பரமபத அட்டை, சாயங்காலம் ஒரு தன்னார்வலர் என்று எதுவாக இருந்தாலும் குழுவால் ஏற்பாடு செய்யக்கூடியதுதான். கணக்கு நேரத்தில் வேறு பதிவேற்ற வேலைகள் ஆசிரியரை இழுத்துக்கொண்டால், அதைத் தீர்மானமாக எழுதி வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். அதை ஆசிரியர் தானே எழுத முடியாது, உங்களால் முடியும். இரண்டு மாதம் கழித்து அதே பிள்ளைகளின் புதிய தாள்களையும் பக்கத்தில் வைக்கச் சொல்லிப் பாருங்கள். உதவிக்கு ஆள் வேண்டுமென்றால், பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் பக்கம் எந்தப் பள்ளிக்கும் நான் வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்